நாடி இறங்கிய காட்சி

காட்டேரிப் படத்தின் இரண்டாம் பாகத்தில் கோதைநாயகி எழுதியதில் ஒரே ஒரு காட்சிதான் மிஞ்சியிருந்தது. இருக்கைகள் அளக்கும் பார்ப்பவர்களின் நாடி இறங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியைத் திரையே வெட்டிவிடும். இன்றைய சோதனை ஓட்டத்தில் தப்பிக்கும் காட்சிகள்தான் ஊர்த் தியேட்டர்களுக்கெல்லாம் போகும்.

முதல் பாதி முழுக்கப் பாலங்கள் இடிந்தன, தலைகள் பறந்தன. எவன் எதற்காகச் சாகிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்தவுமில்லை. நாடி மட்டும் எகிறிக்கொண்டே இருந்தது.

பிறகு கோதைநாயகியின் காட்சி வந்தது. காட்டேரியாகிவிட்ட மகன் வீட்டு வாசலில் நிற்கிறான். பெற்றவள் அழைக்காமல் அவனால் உள்ளே நுழைய முடியாது. அவள் அவனையே பார்க்கிறாள்.

அரங்கம் மெல்லுவதை நிறுத்தியது. எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரின் நாடியும் ஒன்றாக இறங்கியது.

தாய் வாயைத் திறந்தாள். திரையில் ஹெலிகாப்டர் வெடித்தது.

"பாத்தீங்களாம்மா, உங்க சீன்ல மொத்த தியேட்டரும் படுத்துருச்சு," என்றார் முன்வரிசையிலிருந்த தயாரிப்பாளர், திரும்பிச் சிரித்தபடி.

பக்கத்து இருக்கைப் பெரியவர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நீங்கதான் எழுதினீங்களா? அந்தம்மா பையனை உள்ள கூப்பிட்டாங்களா, இல்லையா?"

கோதைநாயகி அவர் காதோரம் குனிந்து சொன்னாள். அதன்பின் படம் முடியும்வரை அவர் திரையைப் பார்க்கவே இல்லை.