பழைய எண், புதிய எண்

மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் அன்று காலையில் புது நெட்வொர்க் முகவரி கொடுத்திருந்தான் கணினிப் பொறியாளன் கமலக்கண்ணன். ரத்த வங்கியின் ஃப்ரிட்ஜ் மட்டும், எச்சரிக்கை மணியை அடிக்கும் கணினியின் பழைய முகவரிக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் அதை மாற்றவும் வழியில்லை. எஸ்தர் சிஸ்டர் சோதனைக்காகக் கதவைத் திறந்துவைத்தும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

“உள்ள அத்தனையும் ரத்தம், தம்பி. கெட்டுப்போனாக்கூட இனி இது வாயத் தொறக்காது போலருக்கே!”

அவனுக்குத் தன் தெரு நினைவுக்கு வந்தது. எல்லா வாசலிலும் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருக்கும். எதை எழுதினாலும் தபால் வந்துசேரும். நெட்வொர்க்கின் வாசலிலும் அந்தக் கணினியின் புது முகவரிக்குக் கீழே பழையதையும் சேர்த்தான்.

கூடமே அதிர அலறியது மணி.

“கதவ மூடுங்க சிஸ்டர்!”

“இருப்பா,” என்றாள் அவள், கதவில் கை வைத்தபடி. “இன்னும் கொஞ்சம் கத்தட்டும்.”