கடற்கரைக்கு இரண்டு மாலை

தளவாய் வீட்டுக்குள் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. சுவரில் அவனுடைய படம், மல்லிகை மாலையோடு. படத்துக்கு முன்னால் இலையில் அவனுக்குப் பிடித்த முந்திரிக்கொத்து.

"அம்மா, அடுத்த மாசம் பினாங்கு கடக்கரையில நானும் கிட்டுவும் மாலை மாத்திக்கிடப் போறோம். ஐயர் கிடையாது, மேளம் கிடையாது. எட்டே பேருக்குச் சாப்பாடு."

முப்பிடாதியம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். வெறும் காற்றைக் கடப்பதுபோல அவனைக் கடந்து அடுக்களைக்குப் போனாள்.

"அப்பா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா பேப்பரைப் புரட்டினார்.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே தளவாய்! எப்பம் வந்தே? பினாங்குல சோறே போடலியா, இப்படி இளைச்சுட்டே?"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

'கிட்டுவோடுதான் வாழ்கிறேன், இனியும் அவனோடுதான்' என்று தளவாயின் கடிதம் வந்தது போன வருஷம், எண்பத்தொன்று ஆடியில். அன்றே வீட்டோடு குற்றாலம் போய், அருவியில் நின்று, அவனைத் தலைமுழுகிவிட்டு வந்தார்கள். வந்த கையோடு படத்துக்கு மாலை போட்டார்கள். இன்று முதல் திவசம். குருவம்மாள் மட்டும் அவர்களோடு முழுகப் போகவில்லை.

தளவாய் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா படத்தின் முன்னால் நின்றாள். வாசல் பக்கம் திரும்பவே இல்லை. படத்திடம்தான் உரக்கச் சொன்னாள்:

"கடக்கரையில காத்து பேயா அடிக்கும்லே ராசா. ரெண்டு மாலையையும் கெட்டியாக் கட்டச் சொல்லு."