தண்ணீர் புகாத பெட்டி

"ஆரும் காணாமல் துவக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி வேணும், மாமா. வள்ளத்திலைதான் போகும்."

அக்காவின் மகன் செல்வரட்ணம் துப்பாக்கிக்குப் பெட்டி கேட்டதும், வள்ளம் கட்டும் யாகோப்பரின் கையில் சீவுளி நின்றது. ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்திருந்த மாதம் அது. மகன் இயக்கத்தை விட்டு வந்துவிட்டான் என்று போன கிழமைதான் அக்கா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

"திரும்பப் போறியோ?"

"பெட்டியைச் செய்யுங்கோ மாமா. தகரம் நல்லதோ, பலகையோ?"

"தகரம் கறள் பிடிக்கும். பலகைதான்."

மனமில்லாமல் செய்தாலும் யாகோப்பருக்குக் கைப்பழக்கம் விடவில்லை. வள்ளத்துக்குப் போலவே இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்துத் தார் பூசினார்.

மூன்றாம் நாள் அவன் வந்தான்.

"சொட்டுத் தண்ணி உள்ளை போகாது," என்றார் அவன் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயோ மாமா! அடியிலை நாலு ஓட்டை போடுங்கோ."

"உனக்கென்ன விசரே? உப்புத்தண்ணி பட்டால் துவக்கு என்னத்துக்கு ஆகும்?"

"ஒண்டுக்கும் ஆகக்கூடாது. ஓட்டை இல்லாட்டிப் பெட்டி மிதக்குமெல்லோ? நடுக்கடலிலை தாட்டுப்போட்டு, திங்கட்கிழமை உங்களிட்டை வேலைக்கு வாறன்."

யாகோப்பர் துறப்பணத்தை எடுத்தார். நாலு கேட்டவனுக்குப் பத்து ஓட்டை போட்டுக் கொடுத்தார்.