சிவப்புச் சீட்டு

"யாருக்காவது மூச்சு முட்டினா இந்தச் சிவப்புச் சீட்டைத் தொடலாம்ப்பா. உடனே ஆட்டத்தை நிறுத்திரணும். இது புது ரூல்" என்றாள் ஜோமோள்.

மரியஜோசப் சிரித்தார். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷமாய்ப் பேசும் இந்த ஆட்டத்தில் காலேஜ் நாளிலிருந்தே ஊறியவர்.

"உங்க தலைமுறைக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நாங்க ஒருத்தரும் பாதியில நிறுத்தினதில்ல."

இன்று அவர் ராஜா. மகள், மலைக்கோட்டையில் அடைபட்ட ராணி.

"கதவைத் திறங்க!"

"திறந்தா? இந்த மலையை விட்டு எங்க போவ? உனக்குன்னு யாரு இருக்கா?"

யோசிக்காமலே வசனம் வந்து விழுந்தது.

"போடுற சோத்தைத் தின்னுட்டுக் கிட!"

சீட்டின் மேல் ஒரு விரல் பதிந்தது.

"பாத்தியா, பயந்துட்ட!" என்று நிமிர்ந்தார்.

ஜோமோள் இரு கையாலும் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி கத்தரீனாள், சீட்டிலிருந்து விரலை எடுக்காமலே மகளிடம் கேட்டாள்:

"தொட்டா நெசமாவே நின்னுருமாடி?"