இழுத்துப் போட்ட நாற்காலி

மரச்சாமான் கடையில் விளக்கை அணைத்துவிட்டு, விற்காத சோபாக்களிலும் நாற்காலிகளிலும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே உட்கார்ந்து, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்து முடிக்கிறது ஞாயிறு மாலைக் கூட்டம். கடைசிக் காட்சி சுவரில் அப்படியே நிற்கிறது: கணவனோடு சண்டை போட்ட மனைவி அடுப்படியில் நிற்க, சாப்பாட்டு மேசையிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட்ட காலி நாற்காலி. "அந்த நாற்காலிதான் சாவு," என்கிறார் பல் டாக்டர். "சாவாவது! கோபம் தீர்ந்துபோச்சு டாக்டர். புருஷன் வந்து உட்காரட்டும்னு இழுத்துப் போட்டிருக்கா," என்கிறார் கடைக்காரர், முன்வரிசை நாற்காலியில் இருக்கும் தன் மனைவியின் பின்னங்கழுத்தைப் பார்த்தபடி. நல்ல விலை வந்ததென்று, வீட்டில் அவள் உட்காரும் சாய்வு நாற்காலியையே விற்றுவிட்ட நாளிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. இப்போதும் திரும்பாமல், டாக்டருக்குச் சொல்வது போலச் சொல்கிறாள்: "உட்காரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி துடைக்க இழுத்திருப்பா." கூட்டம் சிரிக்கிற சிரிப்பில் பிளாஸ்டிக் உறைகள் சரசரக்கின்றன. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் காலியாக இருக்கும் பக்கத்து நாற்காலியை மெல்ல இழுத்து, கைக்குட்டையால் ஒருமுறை துடைக்கிறாள். கடைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்துபோகிறது. ஆனாலும் பேரம் படிகிற நேரத்தில் அவசரம் காட்டிப் பழக்கமில்லாத மனுஷர். புரொஜெக்டர் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைச் சற்று வேடிக்கை பார்த்துவிட்டு, சும்மா விலை கேட்க வந்தவர் போல நடந்துபோய் உட்காருகிறார். "இதையாவது விக்காம வைங்க," என்கிறாள் அவள்.