அகலமான கட்டம்

மழை விட்டும் விடாத மாலை. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ப் பேரங்காடி வாசலருகே, தாயும் குழந்தையும் வரையப்பட்ட அகலமான பார்க்கிங் கட்டத்தில் கார் நிற்கிறது. மூன்று வயது டெக்லனை இறக்கிவிட்ட பெத்தன், டிக்கிக்குள் குனிந்து பை தேடுகிறாள். சாமான் நிறைந்த தள்ளுவண்டியோடு வந்த கிளிஃபர்ட் என்ற பெரியவர் நின்றுவிடுகிறார். "ஏம்மா, பிள்ளை வச்சிருக்கறவங்களுக்குத்தானே இந்த இடம்? உம் பிள்ளை எங்க, டிக்கிக்குள்ள தூங்குதா?" "மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார். இதோ நிக்கறான்." அவள் பார்க்காமலே நீட்டிய கையை யாரும் பிடிக்கவில்லை. திரும்புகிறாள். ஈரமான தார்த்தரை மட்டும் மினுங்குகிறது. "டெக்லன்?" எதிர்வரிசையில் ஒரு வேன் பின்விளக்கு வெள்ளையாக எரிய, கீச்கீச்சென்று பின்னால் நகர்கிறது. பெரியவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடி வேனை இரு கையாலும் அறைகிறார். "நிறுத்துய்யா! பிள்ளை! பிள்ளை!" வேன் குலுங்கி நிற்கிறது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, தேங்கிய நீரில் காலை அளைந்தபடி டெக்லன் நிமிர்ந்து பார்க்கிறான். ஓட்டுநர் இறங்கி "ஸாரி" என்கிறான். பெத்தன் "ஸாரி" என்கிறாள். பெரியவர் "ஸாரிம்மா" என்கிறார். பையனின் ஒரு கை அவளிடம், மறுகை அவரிடம். இருவருமே விடவில்லை.