இரண்டாம் எண்

ஒன்றுக்கு அப்புறம் நேரே மூன்று வந்திருந்தது.

அடுப்பில் நல்லெண்ணெயில் போட்ட மிளகு வெடித்தது. நான் ஃபோனை இன்னொரு தரம் பார்த்தேன்.

என் கணவர் மகாதேவன் ரிட்டையர் ஆனதிலிருந்து காலை ஏழு மணிக்குக் குடும்ப குரூப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லை, எண் போட்ட அர்த்தங்களோடு அனுப்புவார். எழுத்து ஒன்று, அர்த்தமும் பிறப்பும் வேறு வேறு என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் மனுஷருக்குத் தலைகால் புரியாது. "நம்ம மாட்டுங்கா பில்டிங் மாதிரி. ஒரே நம்பர், ஒண்ணுக்கொண்ணு உறவே இல்லாத நாலு குடித்தனம்" என்பார்.

இன்றைக்கு 'மோல்'.

ஒன்று: மண்ணைத் தோண்டும் சின்னப் பிராணி.

மூன்று: அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கற்சுவர். லத்தீனில் பெரும் பாரம் என்று அர்த்தம்.

நான்கு: கெமிஸ்ட்ரியில் ஓர் அளவு. ஜெர்மன்காரர்கள் மாலிக்யூலைச் சுருக்கியது.

கோபர்கைரனேயிலிருந்து மகன் ஜெயராம் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். தாணேயிலிருந்து மகள் ஸ்மிதா கைதட்டியிருந்தாள். இரண்டைக் காணோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் படிக்கிறார்கள்?

முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்த்தவர். தாளை உருவினாலும் உருவுவாரே தவிர, பக்க எண்ணை மாற்றி எழுத அவருக்குக் கை வராது.

கூடத்தில் அகராதி திறந்தே கிடந்தது. அதை மூடாமல் ஒருநாளும் எழுந்திருக்க மாட்டார்.

இரண்டு: தோலில் உண்டாகும் புள்ளி, மச்சம். பழைய ஆங்கிலத்தில் கறை.

அந்தப் பக்கத்தில் நாலாக மடித்த ஒரு சீட்டு. தோல் டாக்டருடையது. ரிப்போர்ட் வந்துவிட்டது, வீட்டார் ஒருவரை அழைத்துக்கொண்டு வரவும் என்று எழுதி, வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்தது.

இன்று சனி; இரண்டு நாள் தாண்டிவிட்டது. என்னிடம் அவர் சொல்லவே இல்லை.

சீட்டை மடித்து அதே பக்கத்தில் வைத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது நான்தான். மூன்று வாரமாகத்தான் பாத்ரூமைத் தாழ்போட்டுக்கொண்டு தானே தேய்த்துக்கொள்கிறார். இந்த வயதில் என்ன புது வெட்கம் என்று கேலிகூடச் செய்தேன்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்ப் பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

"ஏன்னா, கதவைத் திறங்கோ. முதுகு எட்டாது உங்களுக்கு."

"எட்டறது விஜி. எண்ணெயை அங்கேயே வெச்சுட்டுப் போ."

எட்டாது. அந்த மச்சம் இடது தோள்பட்டைக்குக் கீழே, அவர் கைக்கும் கண்ணுக்கும் அகப்படாத இடத்தில் இருக்கிறது. கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்க்கிற ஆளும் இல்லை.

நாலு வாரம் முன்னால், கடைசியாக நான் தேய்த்துவிட்ட அன்றைக்கு, அது தடித்து ஓரம் பிசிறாக என் விரலில் தட்டுப்பட்டது. கை ஒரு கணம் நின்றுவிட்டது. அப்புறம் அதைச் சுற்றி எண்ணெயைத் தேய்த்தபடி, முருங்கைக்காய் விலையைப் பற்றி ஏதோ பேசினேன். வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம்.

அவரும் முருங்கைக்காய்க்குப் பதில் சொன்னார்.

அவருக்கு அது தெரிந்ததே, என் விரல் நின்றதால்தான்.